33க்கு மேக்கப் போடும் அறை

ஷ்ஷ்... சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். பில் போடும் வெப்சைட்டில் 'தமிழ்நாடு' என்று பார்த்தீர்களே, அதை டேட்டாபேஸில் பில்கள் இருக்கும் டேபிளில் தேடினால் பல நேரம் கிடைக்காது! அங்கே உட்கார்ந்திருப்பது வெறும் 33. நம்மூர்க் கடைக்காரரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் தொடங்குவதும் அதே 33இல்தான். 32 கேரளா, 34 புதுச்சேரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாநில எண்களும் இவைதான்.

மேக்கப் அறை எது தெரியுமா? இரண்டே பத்தி உள்ள குட்டி டேபிள். ஒரு பக்கம் எண், மறுபக்கம் பெயர். வெப்பக்கம் திறக்கும்போது இரண்டு டேபிளையும் இணைக்கும் ஒரு ஜாயின். 33 உள்ளே போகிறது, தமிழ்நாடு வெளியே வருகிறது. ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் அதுகூட வேண்டாம். ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே 'சாய்ஸஸ்' பட்டியலை எழுதிவைத்தால், டிஸ்ப்ளே என்று முடியும் ஒரு ஃபங்ஷன் தானாக முளைத்துப் பெயரைச் சொல்லும். முதன்முதலில் பார்த்தபோது நான் கைதட்டினேன், ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயரையே சேமித்தால் என்ன என்கிறீர்களா? 2011இல் ஒரிசா, ஒடிசா ஆனது. அதை 21 என்று எண்ணாகச் சேமித்தவர்கள் குட்டி டேபிளில் ஒரு வரியைத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். பெயராகச் சேமித்தவர்களுக்கு? லட்சம் வரியிருந்தால் லட்சத்தையும் திருத்த வேண்டும், பாவம். தமிழில் பெயர் வேண்டுமா, அதற்கும் இன்னொரு பத்தி போதும், 33 அசையாது.

இனி என் மானம் போன கதை. ஒருநாள் டெல்லி வாடிக்கையாளர்களின் மாநிலம் மட்டும் காலி. பஞ்சாப் காலி, ராஜஸ்தான் காலி! பீகார் தொடங்கித் தெற்கே வரை எல்லாம் பத்திரம். பிரிவினைவாத சாஃப்ட்வேரா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், எக்செல் வழியாக வந்த ஃபைலில் 07 வெறும் 7 ஆகியிருந்தது. டேபிளிலோ '07' எழுத்தாக இருந்தது; இரண்டும் பொருந்தவே இல்லை. 01 முதல் 09 வரை, காஷ்மீர் தொடங்கி உத்தரப் பிரதேசம் முடிய, ஒன்பதையும் ஒரு பூஜ்ஜியம் தின்றுவிட்டது! முன்னால் பூஜ்ஜியம் ஒட்டும் ஒரே வரியில் வட இந்தியா திரும்பி வந்தது.

நம்பிக்கை வரவில்லையா? கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு வெப்சைட்டின் மாநிலப் பட்டியல்மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' அமுக்குங்கள். சில தளங்களில் தமிழ்நாட்டின் சட்டைப்பையிலிருந்து 33 எட்டிப் பார்க்கும்.