ஊட்டி பங்களா, பனிமூட்டம், காலடிச் சத்தம்... டீன் ஏஜ் பிள்ளைகள் பேய்க் கதைத் தொடர் படிக்கலாமா?

மலை மேல ஒரு பழைய பங்களா. சாயங்காலம் ஆனா இறங்குற பனி. கரண்ட் போன நேரத்துல மாடியில் கேட்கும் காலடிச் சத்தம். பேய்க் கதை எழுத உட்காரும் பலர் முதல்ல ஊட்டிக்குத்தான் பஸ் ஏறுறாங்க. 2002-ல் வெளியாகி இந்தியில் பெரிய ஹிட் அடித்த 'ராஸ்' படத்தின் பேய்கூட ஊட்டியில்தான் இருந்தது.

இப்போ இந்தக் கதைகள் செல்போனுக்குள்ள வந்துடுச்சு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் ராத்திரி போர்வைக்குள்ள 'அடுத்த பாகம்' தேடிட்டு இருக்காங்க. 'இதைப் படிச்சா பயந்துடுவாங்களே, படிப்பு கெட்டுடுமே' என்பது பெற்றோரின் கவலை. அந்தக் கவலையில் எவ்வளவு உண்மை? உண்மையில் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

*அமானுஷ்யத் தொடர்னா என்ன?*

பேய், ரத்தக்காட்டேரி, மறுபிறவி, மந்திரம் என இயல்புக்கு மீறிய விஷயம் ஒன்று கதையின் மையத்தில் இருக்கும். நாயகனோ நாயகியோ பெரும்பாலும் 13 முதல் 18 வயதுக்குள் இருப்பார்கள். ஒரு புத்தகத்தோடு முடியாமல் தொடராக வரும்.

உலக அளவில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. ஆர்.எல். ஸ்டைன் எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' 1992-ல் தொடங்கியது. முதல் வரிசையிலேயே 62 புத்தகங்கள். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005-ல் வந்தது. 2008-க்குள் நான்கு பாகங்கள் வெளியாகி, 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

*தமிழுக்கு இது புதுசா?*

இல்லவே இல்லை. புறநானூற்றில் பாடிய புலவர்களில் ஒருவருக்கு 'பேய்மகள் இளவெயினி' என்றே பெயர். காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். 12-ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் எழுதிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும். பயத்தோடு சிரிப்பும் வரும் இடம் அது.

சிறுவர்களுக்கும் இது வந்து சேர்ந்தது. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் கதை தொடர்ந்து வந்தது. நம்ம தாத்தா, அப்பா தலைமுறை படித்த அமானுஷ்யத் தொடர் அதுதான். பிறகு பி.டி. சாமியின் பேய்க் கதைகள். அதன் பின் 2024 நவம்பரில் மதுரையில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன். அவரது 'விடாது கருப்பு' 1990-களில் 'மர்மதேசம்' டி.வி. தொடராக வந்து வீடுகளைக் கட்டிப்போட்டது. 'இது தெய்வமா, மனுஷன் வேலையா?' என்று கடைசி வரை யோசிக்க வைப்பது அவர் பாணி.

*பயம்னு தெரிஞ்சும் ஏன் படிக்கிறாங்க?*

பயப்படும்போது மூளையில் 'அமிக்டலா' என்ற பகுதி உஷாராகும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். ஆனால் கையில் இருப்பது புத்தகம்தான் என்பதும் மூளைக்குத் தெரியும். ஆபத்து இல்லாமல் ஆபத்தைத் தொட்டுப் பார்க்கிற அனுபவம் இது. பயம் தாங்கலைன்னா மூடி வைத்துவிடலாம்.

இது பற்றிய ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. கொரோனா முதல் அலையின்போது 310 பேரிடம் நடத்தப்பட்டது. திகில் படங்களை விரும்புகிறவர்கள் அந்த நெருக்கடியில் மனதளவில் குறைவாகவே கலங்கியிருந்தது தெரியவந்தது. இதை வைத்து 'பேய்க் கதை படிச்சா தைரியம் வரும்' என்று சொல்லிவிட முடியாது. தைரியமானவர்களே திகிலை விரும்பியிருக்கலாம். ஆனால் 'படிச்சாலே மனசு கெட்டுடும்' என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

*அப்போ உண்மையான சிக்கல் எங்கே?*

முதல் சிக்கல், அலமாரியில். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-ல் பள்ளிக்கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கியது. 'தேன்சிட்டு' ஒன்பதாம் வகுப்பு வரைக்குமானது. அதைத் தாண்டினால் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட் நாவல்தான். அது பெரியவர்களுக்கு எழுதியது. நடுவில் பதின்ம வயதுக்கென்று தனி வரிசை தமிழில் பெரிதாக வளரவில்லை. அந்த இடத்தைத்தான் செல்போன் ஆப்கள் பிடித்திருக்கின்றன. 2014-ல் தொடங்கிய 'பிரதிலிபி' போன்ற தளங்களில் தமிழ்த் திகில் தொடர்கள் கொட்டிக் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்ல கதையும் கிடைக்கும், 14 வயசுக்குப் பொருந்தாததும் கிடைக்கும்.

இரண்டாவது, காதல். 'ட்வைலைட்' கதையில் ரத்தக்காட்டேரி நாயகன், நாயகிக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கதை அதை அன்பு என்கிறது. நிஜத்தில் ஒரு பையன் இப்படிச் செய்தால் அது குற்றம். பேயைவிட இந்த இடம்தான் பிள்ளைகளிடம் பேச வேண்டிய இடம்.

மூன்றாவது, நீலகிரிக்கே உரியது. கொஞ்சம் கனமானதும்கூட.

*'மலைவாசி மந்திரவாதி' - கதை கொன்ற மனிதர்கள்*

பல திகில் கதைகளில் ஒரு வில்லன் வருவார். காட்டுக்குள் இருக்கும் பழங்குடி மந்திரவாதி, எலும்பு மாலை, செய்வினை. படிக்கிறவருக்கு அது வெறும் சுவாரசியம். ஆனால் நீலகிரியில் இதே கற்பனை உயிர்களைக் குடித்திருக்கிறது.

குறும்பர் பழங்குடியினர் சூனியம் வைப்பவர்கள் என்ற பயம் இந்த மலையில் நீண்ட காலம் இருந்தது. 1835-ல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாகவும், 1875-லும் 1882-லும் இன்னும் அதிகமானோர் கொல்லப்பட்டதாகவும், எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் பதிவு இருக்கிறது. ஒரு ஊரில் பரவிய நோய்க்கும் சாவுக்கும் காரணம் என்று சந்தேகித்து, 1900-ல் ஒரு குறும்பர் குடும்பத்தையே கொன்றிருக்கிறார்கள். குடும்பத் தலைவர் மருத்துவம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்.

யோசிச்சுப் பாருங்க. மூலிகை தெரிஞ்சவர் என்பதே அவருக்கு எதிரான சாட்சி ஆயிடுச்சு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் இன்றைக்கும் இந்த மலையில் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே பள்ளியில், அதே கதையைப் படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் தோடர்களின் சொந்த நம்பிக்கையில் சாவுக்குப் பின்னான உலகம் பயமுறுத்துவதாக இல்லை. இறந்தவர் மேற்குத் திசையில் இருக்கும் 'அம்நோடர்' என்ற உலகத்துக்குப் போகிறார். அங்கேயும் எருமைகள் உண்டு.

*லயன் வீட்டுப் பிள்ளைக்கு எது பயம்?*

ஊட்டிப் பேய்க் கதைகள் பெரும்பாலும் பங்களாவுக்கு வந்த விருந்தாளி பார்வையில் நகரும். தோட்டத் தொழிலாளி வந்தால், 'ஐயா, அந்தப் பக்கம் போகாதீங்க' என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார்.

அந்தத் தொழிலாளிக்கும் ஒரு கதை உண்டு. 1964-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக, கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாகின. இன்று 'டான்டீ' என்று அழைக்கப்படுவது அதுதான். அங்கே லயன் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இருட்டு பயம் பேயால் மட்டும் வருவதில்லை. தேயிலைச் செடிக்கு நடுவில் நிற்கும் கரடி, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் நிஜம். 'வெளிய போகாதே, பேய் வரும்' என்று சொல்வதைவிட 'கரடி வரும், டார்ச் இல்லாம, தனியா போகாதே' என்று சொல்வது உயிரைக் காக்கும்.

*பெற்றோர் என்ன செய்யலாம்?*

• தடை போட்டால் ரகசியமாகப் படிப்பார்கள். 'கதை என்ன, சொல்லு கேட்போம்' என்று கேளுங்கள். சொல்லும்போதே பாதி பயம் இறங்கிவிடும்.

• தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வையுங்கள். தூக்கத்தைக் கெடுப்பது பேயா, போனா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

• ஆப்பில் படிப்பதை நூலகத்துக்கு மாற்றலாம். ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. 1859-ல் தொடங்கிய பழைய நீலகிரி நூலகமும் அங்கேதான் இருக்கிறது, அது உறுப்பினர்களுக்கானது.

• 'இந்தக் கதையில வில்லன் ஏன் எப்பவும் காட்டுல இருக்கார்?', 'அந்தப் பையன் செய்தது சரியா?' - இந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பழக்குங்கள்.

• பயம் கதையோடு நிற்காமல், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, தனியாக இருக்க முடியவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறார் என்றால் அது புத்தகப் பிரச்சினை மட்டும் இல்லை. பேயோட்டுபவரிடம் கூட்டிப்போக வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.