பைலாஸ் அரண்மனை எரிந்த பிறகு

கி.மு. 1200-ஐ ஒட்டிக் கிரேக்க நாட்டின் தென்மேற்கிலிருந்த பைலாஸ் அரண்மனை அக்கினிக்கு இரையானபோது, கணக்கர் கீறிவைத்த பச்சைக் களிமண் பலகைகள் அந்த நெருப்பிலேயே சுடப்பட்டு நிலைத்துவிட்டமையால், நெசவுப் பெண்களுக்கு அளந்த கோதுமையும் அத்திப்பழமும், கன்னாருக்கு நிறுத்துக் கொடுத்த வெண்கலமும் இன்றும் நமக்குத் தெரிகின்றன. அரசனுக்கும் பிரபுக்களுக்கும் நேர்ந்தது சர்வநாசம்; சிம்மாசனமும் வாசனைத் தைலமும் எழுத்து வித்தையுங்கூட அவர்களோடு போயின. குடியானவனோ, வரி கேட்க அதிகாரி எவரும் வராத நிலையில், ஆட்டையும் ஒலிவ மரத்தையும் நம்பிப் பிழைத்திருக்கலாம். அரண்மனைப் படியே ஜீவனோபாயமாயிருந்த நெசவுப் பெண்களுக்கு அதுவும் வாய்த்திராது. அரண்மனையின் அழிவைச் சாமானியனின் விமோசனமென்று வர்ணிப்போர் உண்டு. எனக்குச் சம்மதமில்லை; ஏனெனில் அப்பிரதேசத்துக் கிராமங்களிற் பெரும்பாலானவை பின்னர் பாழாயின. கிரேக்கர் மறுபடி எழுதக் கற்றது கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில், பினீசியரிடம் பெற்ற எழுத்துகளைக் கொண்டு.