ரிஸானாவின் கடவுச்சீட்டில் இருந்த 6 வருடங்கள்

ரிஸானா நபீக் பற்றிப் பேச்சு வந்தால் நாம் சவூதி நீதிமன்றத்தையும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 2013 ஜனவரி 9ஆம் திகதியையும் பற்றியே பேசுகிறோம். அந்தக் கதை இங்கே, நமது நாட்டில் தொடங்கியது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். பிறப்புச் சான்றிதழின்படி மூதூரைச் சேர்ந்த அந்தப் பிள்ளை பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் இருந்ததோ 1982. இப்படி 6 வருடங்களைக் கூட்டிப் போட்டதால்தான் 17 வயதில், 2005ஆம் ஆண்டு, பணிப்பெண்ணாக விமானம் ஏற முடிந்தது.

ஆட்கடத்தல் என்றால் பிள்ளையை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு ஆட்சேர்ப்பதும் ஏற்றிச் செல்வதும் பொறுப்பேற்பதும் குற்றம். "பிள்ளை விரும்பித்தானே போனது" என்ற பதில் அங்கே எடுபடாது. தண்டனை 3 முதல் 20 வருடங்கள் வரை. ரிஸானாவின் ஆவணங்களைப் போலியாகத் தயாரித்த முகவர்கள் இருவருக்குக் கொழும்பில் கிடைத்தது 2 வருடச் சிறை.

சட்டம் இருக்கிறது, நிறுவனங்களும் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பலருக்குத் தெரியும். அழைத்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் நான் பேசிப் பார்த்த பலருக்கும் தெரியவில்லை. முறைப்பாடு அதிகார சபையின் உத்தியோகத்தருக்கோ பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவுக்கோ போகும். பிள்ளை நீதவான் முன் ஆஜர்படுத்தப்படும். எங்கே தங்கவைப்பது என்பதற்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை முக்கியம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவரும் இருப்பார். இவர்களில் சிலர் மத்திய அரசின் கீழ், நன்னடத்தைச் சேவையோ மாகாணத்தின் கீழ். ஒரே கதையைப் பிள்ளை நாலு மேசையில் சொல்ல வேண்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வாயே திறக்காத குடும்பங்களும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது வேறொன்று. வீடொன்றில் வேலை செய்யும் சிறுமி மீட்கப்பட்டால், பெரும்பாலும் அது "சிறுவர் தொழில்" விவகாரமாகச் சுருங்கிவிடுகிறது. வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது நல்லதுதான். ஆனால் வயதை மட்டும் பார்த்தால் வீட்டுக்காரர் மாட்டுவார், கூட்டி வந்த தரகர் தப்பிவிடுவார். அடுத்த பிள்ளையைத் தேடி அவர் அதே கிராமத்துக்குத்தான் போவார். ஆட்கடத்தல் என்று வழக்குப் போட, சுரண்டும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சியும் காலமும் தேவை. இலகுவான குற்றச்சாட்டோடு முடித்துக்கொள்வது பொலிஸுக்கு வசதி.

எனவே 1929க்கு அழைப்பவர்கள் (தமிழிலும் பேசலாம்) "ஒரு பிள்ளை வேலை செய்கிறது" என்பதோடு நிறுத்த வேண்டாம். யார் கூட்டி வந்தது, பணம் யார் கைக்குப் போனது, பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்பவற்றையும் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், பணம் அனுப்பிய சிட்டை என்று கையில் எது இருந்தாலும் கொடுங்கள். வெளிநாடு போகும் பெண்பிள்ளைக்குக் கடிதம் கேட்டு வந்தால், கிராம சேவகரானாலும் பள்ளிவாசல் நிர்வாகமானாலும், கையொப்பமிட முன் மூலப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.