காத்து நின்ற கைகள்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். அவர்களுள் பத்துப் பேர் ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையால் தொட்டால் குற்றம். ஒருவருக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. கோல் கம்பங்களுக்கு முன்னே நிற்கும் கோல் காவலரே அவர். முன்வரிசையில் ஆடுபவர் பத்துத் தடவை பந்தைத் தவறவிட்டாலும், பதினோராம் தடவை வலைக்குள் செலுத்திவிட்டால் அரங்கமே எழுந்து நின்று ஆரவாரிக்கும். கோல் காவலரின் கணக்கு வேறு. பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால், அந்த ஒன்றே மறுநாள் ஊரெல்லாம் பேச்சாகும். மற்றவர் எல்லாரும் தவறிய பிறகு கடைசியாக நின்று காப்பது அவருடைய பணி. புகழ் குறைவு, பொறுப்பு மிகுதி.

ஸ்பெயின் நாட்டில் இப்பணியில் இளமையைச் செலவிட்டு, பின்னர் பயிற்சியாளராகப் பெயர் பெற்று, அதன் பின்னர் ஆட்டக்களத்துக்கு வெளியே முன்னினும் பெரிய போராட்டம் ஒன்றில் இறங்கிய ஒருவரைப் பற்றி வாசக அன்பர்கள் அறிந்துகொள்வது நலம். அவர் பெயர் ஹுவான் கார்லோஸ் உன்சுவே.

முதல்வருக்குப் பின்னே

வட ஸ்பெயினில் நவார்ரா என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன் தலைநகர் பம்ப்லோனா. அந்நகருக்கு அருகிலுள்ள ஓர்கோயன் என்னும் சிற்றூரில், 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் உன்சுவே பிறந்தார். விளையாட்டில் ஊறிய குடும்பம் அது. மூத்த சகோதரர் எயுசெபியோ மிதிவண்டிப் பந்தயத்தில் ஈடுபட்டு, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பந்தய அணி ஒன்றின் நிர்வாகியானார். இளையவரான ஹுவான் கார்லோஸ் கால்பந்தை நாடினார். அதிலும் கோல் காவலர் இடத்தையே விரும்பி ஏற்றார்.

1985-இல் சோவியத் நாட்டில் நடைபெற்ற உலக இளைஞர் கால்பந்துப் போட்டியில் ஸ்பெயின் அணிக்காகச் சென்றபோது அவருக்கு வயது 18. அந்த அணி இறுதி ஆட்டம்வரை முன்னேறி, கூடுதல் நேரத்தில் பிரேசிலிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. சொந்த மாநிலத்துக் கழகமான ஒசாசுனாவில் ஆடிவந்த அவரை, 1988-இல் பார்சலோனா கழகம் அழைத்துக்கொண்டது. ஹாலந்து நாட்டின் யோகான் க்ரைஃப் அங்கே பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஆண்டு அது.

பெரிய கழகம் அழைத்துவிட்டது. ஆனால் ஆடும் வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை. ஸ்பெயின் தேசிய அணியின் கோல் காவலராக விளங்கிய சுபிசரேட்டா அங்கே முதலிடத்தில் இருந்தார். முன்வரிசை ஆட்டக்காரர் இருவர் மூவர் ஒருசேரக் களத்தில் ஆடலாம். கோல் காவலரில் ஒருவருக்கே இடம். இரண்டாமவர் நாள்தோறும் முதல்வருக்குச் சமமாக உழைத்துவிட்டு, ஆட்ட நாளன்று ஓரத்து இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் உன்சுவேக்குக் கிட்டிய ஆட்டங்கள் மிகச் சிலவே. ஆயினும் தம்மினும் சிறந்த ஒருவருக்கு உறுதுணையாயிருந்து, அணியின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கருதும் பழக்கத்தை அங்கேதான் அவர் பெற்றார் எனலாம். பிற்காலத்தில் அவருக்கு வாய்த்த பணிகளுக்கெல்லாம் அந்தப் பழக்கமே அடிப்படையாயிற்று.

1990-இல் செவியா கழகத்துக்குச் சென்றார். சோவியத் நாட்டின் புகழ்பெற்ற கோல் காவலர் தசாயெவ் அங்கே இருந்தார். அவர் வகித்த இடத்தை உன்சுவே கைக்கொண்டு, ஏழு ஆண்டுகள் நிலைத்து நின்று, 200-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1992-93 பருவத்தில் அர்ஜென்டினாவின் மரடோனா அக்கழகத்துக்கு ஆட வந்தபோது, பின்னே நின்று கோலைக் காத்தவர் இவரே. அதன் பின் டெனெரீப், ஓவியேதோ ஆகிய கழகங்களில் ஆடி, தாம் தொடங்கிய ஒசாசுனாவுக்கே திரும்பிவந்து, 2003-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 36.

கற்றதைக் கற்பித்தவர்

ஓய்வு பெற்ற அதே ஆண்டில் பார்சலோனா அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை கோல் காவலர்களுக்குப் பயிற்சியாளராக. வெளியார் கண்ணுக்குப் படாத பணி அது. அணி முழுவதும் களத்தின் ஒரு புறம் பழகிக்கொண்டிருக்க, மறு புறத்தில் இரண்டு மூன்று கோல் காவலரை வைத்துக்கொண்டு, பந்தை உதைத்தும் எறிந்தும் பிடிக்கச் செய்தும் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். எந்தக் காலை முன்வைப்பது, எப்பொழுது கோலை விட்டு வெளியேறுவது, எப்பொழுது நின்ற இடத்திலேயே நிற்பது ஆகிய நுட்பங்களை ஓயாது பழக்க வேண்டும்.

அவரிடம் பயின்ற விக்டர் வால்டெஸ் என்ற இளைஞர் பார்சலோனாவின் நிலையான கோல் காவலரானார். ஸ்பெயினின் முதல் பிரிவில், சராசரிக் கணக்கில் மிகக் குறைவாகக் கோல் விட்டுக்கொடுப்பவருக்குப் பழம்பெரும் கோல் காவலர் ரிக்கார்டோ சமோராவின் பெயரால் ஒரு விருது அளிக்கப்படுகிறது. 2005, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வால்டெஸ் அதைப் பெற்றார். 2006-இல் பாரிசிலும் 2009-இல் ரோமிலும் நடைபெற்ற ஐரோப்பிய வெற்றியாளர் இறுதி ஆட்டங்களில் பார்சலோனா வென்றது. ரைக்கார்ட், குவார்டியோலா ஆகிய இரு தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் இப்பணி நடந்தது. அவர்கள் பெயரை உலகம் அறிந்தது. உன்சுவேயின் பெயரை அறிந்தவர் ஆட்டத்தின் உள்விவரம் தெரிந்தோரே.

2010-இல் இரண்டாம் பிரிவிலிருந்த நுமான்சியா கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக ஓராண்டு பணியாற்றினார். பின்னர் லூயிஸ் என்ரிக்கேயின் துணைப் பயிற்சியாளராக வீகோ நகரின் செல்ட்டா கழகத்திலும், 2014 முதல் 2017 வரை பார்சலோனாவிலும் இருந்தார். 2015-இல் பார்சலோனா ஒரே பருவத்தில் ஸ்பெயின் லீக், அரசர் கோப்பை, ஐரோப்பிய வெற்றியாளர் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. மூலை உதை, தனி உதை ஆகியவற்றை வகுத்துத் தரும் பொறுப்பு அப்போது உன்சுவேயிடம் இருந்தது. அந்த வகையில் அணி கண்ட முன்னேற்றத்தை விளையாட்டு எழுத்தாளர்கள் பாராட்டினர்.

2017-இல் செல்ட்டாவின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. அணி 13-ஆம் இடம் பெற்றது. அவர் பதவி ஓராண்டில் முடிந்தது. 2019-இல் ஜிரோனா கழகம் அழைத்து, சில மாதங்களிலேயே, அவ்வாண்டு அக்டோபரில், விலக்கியது. தலைமைப் பயிற்சியாளர் என்ற முறையில் அவருக்குப் பெரிய வெற்றி வாய்க்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த அழைப்பு வரும், மீண்டும் முயல்வோம் என்றே இத்தொழிலில் உள்ளவர்கள் காத்திருப்பார்கள். அவருக்கு வந்ததோ வேறோர் அழைப்பு.

புதிய அணி

2020 ஜூன் 18-ஆம் நாள், பார்சலோனாவின் கேம்ப் நோவ் அரங்கில் உன்சுவே செய்தியாளரைச் சந்தித்தார். தமக்கு ஏ.எல்.எஸ். என்னும் நோய் கண்டிருப்பதாகவும், ஆகவே பயிற்சியாளர் தொழிலை விடுவதாகவும் அறிவித்தார். தாம் ஒரு புதிய அணியில் சேர்ந்திருப்பதாகவும், அது எளிய அணியாயினும் மன உறுதி மிக்க அணி என்றும் அவர் குறிப்பிட்டார். அந்நோயால் துன்புறுவோரையே அவர் தம் அணி என்றார்.

ஸ்பெயினில் இந்நோயை ‘எலா’ என்பார்கள். நம் தசைகளை இயக்கும் கட்டளைகள் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் சிறப்பு நரம்பணுக்கள் வழியே செல்கின்றன. இந்நோயில் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை வராத தசை மெலிந்து செயலற்றுப்போகிறது. முதலில் கையோ காலோ தளரும். அடுத்துப் பேச்சும் விழுங்குதலும் தடைப்படும். இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். நோய்கண்ட பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும் மருந்து உண்டு. குணமாக்கும் மருந்து இல்லை. இதில் மிகக் கொடியது, பெரும்பாலோருக்கு அறிவும் உணர்வும் கடைசிவரை தெளிவாக இருப்பதுதான். தம் உடல் ஒவ்வொரு பகுதியாக விடைபெறுவதை அவர்கள் அறிந்துகொண்டே இருக்கிறார்கள்.

கைகளால் வாழ்ந்த ஒருவருக்கு இந்நோய் வந்ததை எண்ணிப் பாருங்கள். பாய்ந்து வரும் பந்தை அந்தரத்தில் பற்றிய கைகள் இனி ஒரு கோப்பையைத் தூக்கவும் பிறரை எதிர்பார்க்க வேண்டும். அவர் அறையை மூடிக்கொண்டு ஒதுங்கியிருந்தால் குறை சொல்வார் இல்லை. மனைவி, மக்கள், நண்பர், பொருள் வசதி ஆகிய எல்லாம் அவருக்கு இருந்தன. அதனாலேயே, இவை இல்லாதவர் நிலை என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை.

பெயரில்லாதவர்களுக்காக

ஸ்பெயினில் ஏறத்தாழ 4,000 பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். நோய் முற்றிய நிலையில் இரவும் பகலும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். மூச்சுக் கருவி நின்றுவிடாமல் கவனிக்க வேண்டும். தொண்டையில் சேரும் சளியை அகற்ற வேண்டும். படுக்கையில் புரட்டிவிட வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களை அமர்த்தும் செலவைப் பெரும்பாலான குடும்பங்கள் தாங்க இயலாது. மனைவியோ மகளோ வேலையை விட்டுவிட்டுக் கட்டிலருகே இருந்துவிடுகிறார்கள். தம்மால் குடும்பமே நொடித்துவிடுகிறதே என்று நோயாளி மனம் நொந்துபோகிறார்.

2021-இல் ஸ்பெயினில் கருணைக் கொலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த முடிவை நாடுவோரை உன்சுவே பழித்துரைக்கவில்லை. ஆனால், வாழ விரும்பியும் வாழ்வதற்கு வேண்டிய உதவி இல்லாமையால் மட்டுமே சாவைத் தேர்ந்தெடுப்போர் பலர் உள்ளனர் என்பதை அவர் மேடைதோறும் எடுத்துரைத்தார். இறப்பதற்கு வழி செய்து தரும் நாடு வாழ்வதற்கும் வழி செய்து தர வேண்டாமா என்பதே அவரும் நோயாளர் சங்கங்களும் எழுப்பிய கேள்வி.

2022 ஆகஸ்ட் 24-ஆம் நாள் அவர் பொருட்டு ஓர் ஆட்டம் நடைபெற்றது. கேம்ப் நோவ் அரங்கில் பார்சலோனாவும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியும் மோதின. அன்று எதிரணியின் பயிற்சியாளராயிருந்தவர் அவருடைய பழைய தோழர் குவார்டியோலா. காண வந்தோர் 91,062 பேர். ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்தது. நோய் ஆராய்ச்சிக்கு 40 இலட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது. சக்கர நாற்காலியில் களத்துக்கு வந்த உன்சுவேயை அரங்கம் எழுந்து நின்று வரவேற்றது.

ஆனால் நாற்பது இலட்சம் யூரோ திரட்டுவதைவிடக் கடினமான வேலை நாடாளுமன்றத்தில் இருந்தது. 2022 மார்ச் மாதத்திலேயே எலா நோயாளருக்கான சட்ட முன்வரைவு ஏகமனதாக விவாதத்துக்கு ஏற்கப்பட்டிருந்தது. எதிர்த்தவர் ஒருவரும் இலர், நிறைவேற்றியவரும் இலர். திருத்தங்கள் அளிப்பதற்கான காலக்கெடு நாற்பது தடவைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. 2023-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது முன்வரைவும் மறைந்தது. அதற்குள் அதனை நம்பியிருந்த நோயாளர் பலர் மறைந்துவிட்டனர்.

2024 பிப்ரவரி 20-ஆம் நாள் நோயாளரும் குடும்பத்தாரும் மாட்ரிட் நகரின் நாடாளுமன்ற மண்டபத்தில் கூடினர். மூச்சுக் கருவியோடு நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவரும் இருந்தனர். பேசத் தொடங்கிய உன்சுவே, இங்கே எத்தனை உறுப்பினர்கள் வந்திருக்கிறீர்கள் என்று வினவினார். எண்ணிப் பார்த்தால், 350 உறுப்பினருள் வந்திருந்தோர் ஐவர். மற்றவர்களுக்கு இதைவிட முக்கியமான அலுவல் இருக்கும்போலும் என்ற பொருள்பட அவர் அமைதியாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, எவரையும் ஏசவில்லை. அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது, மக்கள் வெட்கினர்.

அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கீழவை ஒருவர்கூட எதிர்க்காமல் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதத்திலேயே மேலவையும் இசைந்தது. முற்றிய நிலையில் 24 மணி நேரப் பராமரிப்பு, சார்ந்து வாழும் நிலையை அரசு விரைந்து அங்கீகரித்தல், மூச்சுக் கருவி வைத்திருக்கும் வீடுகளுக்கு மின்கட்டணச் சலுகை ஆகியவை அதில் இடம்பெற்றன. குணப்படுத்த இயலாத வேறு சில கொடிய நோய்களுக்கும் அது பொருந்தும். சட்டம் வந்தும் பணம் வரத் தாமதமாயிற்று. நோயாளர்கள் மீண்டும் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில்தான் அரசு இதற்கென 50 கோடி யூரோவை ஒதுக்கியது.

நமக்கு உரியது

உன்சுவேயின் வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயாளியைப் பார்க்கும்போது நமக்கு முதலில் எழுவது இரக்கம். இரக்கம் நல்லதே, ஆனால் அது வருகிற வேகத்திலேயே வடிந்தும் போகும். நிலையான பராமரிப்பை உரிமையாக்கினால், பெயரறியாத ஏழையின் கட்டிலருகேயும் ஒருவர் விழித்திருப்பார். இதைத்தான் அவர் கேட்டார். தம் ஒருவருக்காகக் கேட்டிருந்தால் அவருடைய புகழுக்கு அது எளிதாகவே கிடைத்திருக்கும்.

நம் வீடுகளிலும் நெடுநாள் நோயாளிகள் இருக்கின்றனர். அவர்களைவிட, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவியரும் மருமக்களும் பெண் பிள்ளைகளும் நம் கவனத்துக்குத் தப்பிவிடுகின்றனர். ஓர் இரவு அவர்களுக்குப் பதிலாக நாம் விழித்திருக்கலாம். ஒரு பிற்பகல் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலருகே அமரலாம். அடுத்த வாரமும் மறவாமல் போகலாம்.