வேலிக்கு வெளியே நிற்கும் கேமராக்கள்

டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது போக்கா சிக்கா கடற்கரை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அது பிரவுன்ஸ்வில் நகரத்துக் குடும்பங்களின் விடுமுறை இடம். காரை மணலிலேயே ஓட்டிப்போய் நிறுத்தலாம், கட்டணம் கிடையாது. தூண்டில் போட்டு, அடுப்பு மூட்டி, இருட்டும்வரை இருந்துவிட்டுத் திரும்புவார்கள். பக்கத்தில் சில பத்து வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். குழாய்த் தண்ணீர்கூட இல்லாத ஊர். லாரியில்தான் தண்ணீர் வந்தது. பணி ஓய்வு பெற்றவர்கள் அமைதியை நாடி அங்கே வந்து குடியேறியிருந்தார்கள்.

இன்று அங்கே 120 மீட்டருக்கும் மேல் உயரமான ஸ்டார்ஷிப் ராக்கெட் நிற்கிறது. 2019இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அந்த வீடுகளை மதிப்பைப்போல் மூன்று மடங்கு விலைக்குக் கேட்டது. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். 2025 மே மாதம் 212க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் அந்த இடம் ஸ்டார்பேஸ் என்ற தனி நகரமாகவே ஆகிவிட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள்.

ஊர் மாறியதைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது, ராக்கெட் சோதனையை மக்கள் பார்க்கும் விதம் மாறியதுதான். முன்பு அது எப்படி இருந்தது?

1969 ஜூலை 3. நிலவுப் போட்டிக்காக சோவியத் நாடு கட்டிய என்-1 ராக்கெட், அடித்தட்டில் 30 எஞ்சின்களோடு பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. சில நொடிகளில் எஞ்சின்கள் அணைந்து, தளத்தின் மீதே விழுந்து வெடித்தது. தளம் சின்னாபின்னமானது. இரண்டு வாரத்தில் அப்பல்லோ 11 கிளம்பியதை ஃபுளோரிடா கடற்கரையில் லட்சக்கணக்கானோர் நேரில் பார்த்தார்கள். என்-1 விழுந்ததோ சோவியத் மக்களுக்கே தெரியாது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் சிதைந்த தளம் தெரிந்தது. அந்தப் படமும் ரகசியக் கோப்புக்குள் போய்விட்டது. தோல்வியை மறைத்தவர்களும் கண்டுபிடித்தவர்களும் சேர்ந்தே அதைப் பூட்டி வைத்தார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பும் திட்டம் ஒன்று இருந்ததை மாஸ்கோ வெளிப்படையாக ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகள் ஆயின.

2023 ஏப்ரல் 20 அன்று ஸ்டார்ஷிப்பின் முதல் முழுச் சோதனை. 33 எஞ்சின்களில் மூன்று தொடக்கத்திலேயே வேலை செய்யவில்லை. நான்கு நிமிடத்தில் ராக்கெட் வானில் குட்டிக்கரணம் அடித்துச் சிதறியது. கீழே நெருப்பின் வேகத்தைத் தாங்காமல் தளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்தது; கிளம்பிய புழுதி பல கிலோமீட்டர் தள்ளியிருந்த போர்ட் இசபெல் ஊரின் கார்கள் மீது படிந்தது. தளத்துக்கு அடியில் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கும் எஃகுத் தகடு இல்லாததுதான் குறை. இவ்வளவையும் உலகம் அந்த நிமிடமே பார்த்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 63 திருத்தங்களைப் பட்டியலிட்டது, தகடு வந்தது, அடுத்த சோதனையில் தளம் தப்பியது.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த ராக்கெட்டைப் படிக்கத் தெரியும். மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழான குளிரில் திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் ஏற ஏற, எஃகு உடம்பின் மேல் பனி வெள்ளையாகப் படரும். அந்த வெள்ளைக் கோடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தே எரிபொருள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சவுத் பேட்ரே தீவின் முனையில் இருக்கும் பூங்காவில், சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி, கூட்டம் நிற்கும். நெருப்பு தெரிந்து இருபது நொடிக்கு மேல் ஆன பிறகுதான் சத்தம் வந்து சேரும். அதற்குள் ராக்கெட் ஏவுகோபுரத்தைத் தாண்டியிருக்கும்.

2024 அக்டோபர் 13, ஐந்தாவது சோதனை. இங்கே நமக்கு ஞாயிறு மாலை ஆறு மணி ஆகப்போகும் நேரம். மேலே போன ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான, 71 மீட்டர் உயர பூஸ்டர் திரும்பி வந்தது. கடைசிக் கட்டத்தில் 13 எஞ்சின்கள் எரிந்து வேகத்தைக் குறைத்தன. பிறகு மூன்று மட்டும். சாய்ந்தபடி வந்த அந்த உருளை, கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நிமிர்ந்து, மெல்ல நகர்ந்து, தொங்கி நின்றது. கிளம்பிய ஏழாவது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. திரைக்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்கு முன் வெடித்த ஒவ்வொன்றையும் பார்த்திருந்ததால்தான் அந்த ஏழு நிமிடத்தின் அருமை புரிந்தது.

வெற்றியை எந்த நிறுவனமும் காட்டும். தோல்வியைக் காட்ட வெளியார் கண்கள் வேண்டும். 2025 ஜூன் 18 இரவு பதினொரு மணியளவில், எஞ்சின் சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு ஸ்டார்ஷிப் சோதனைத் தளத்திலேயே வெடித்தது. அப்போது அதை உலகத்துக்குக் காட்டியவை வேலிக்கு வெளியே ஆர்வலர்கள் இரவும் பகலும் ஓடவிட்டிருக்கும் கேமராக்கள். சிதறல்கள் மெக்சிகோ எல்லைக்குள்ளும் கிடைத்தன. அந்நாட்டு அதிபர் ஷேன்பாம் சட்ட நடவடிக்கை பற்றிப் பேசினார். யாராலும் மூடி மறைக்க முடியவில்லை.

இந்தக் கண்கள் திறந்திருப்பது, கடலோடு முடியும் நெடுஞ்சாலை எண் 4 திறந்திருப்பதைப் பொறுத்தது. கடற்கரைக்குப் போகும் உரிமையை டெக்சஸ் மக்கள் 2009இல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஏவுதலுக்காகக் கடற்கரையை மூடலாம் என்று 2013இல் ஒரு சட்டம் வந்தது. அன்று தூண்டிலோடு போன குடும்பம் இன்று தடுப்புக்கு முன்னால் காரைத் திருப்புகிறது. ஏவும் நாளில் மூடுவது பாதுகாப்புக்கு அவசியம்தான். மற்ற நாட்களில் அந்த மணல் மக்களுக்கே சொந்தம்.

அடுத்த சோதனை நடக்கும்போது நிறுவனத்தின் ஒளிபரப்போடு நின்றுவிடாதீர்கள். சாலையோரத்திலிருந்து வரும் நேரலையையும் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள்.