ஆயா மறக்காத செபம்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சுருக்கியிருக்கிறோம், பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் வீட்டு விஷயம் பேசப்போறேன். எங்க ஆயாவைப் பத்தி, அவங்க தினமும் சொல்ற செபத்தைப் பத்தி.

என் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கத்துல ஐயங்கார்குளம். பேரைச் சொன்னதும், "அந்த ஊர்ல கத்தோலிக்க வீடா?"ன்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க. சஞ்சீவி ஆஞ்சநேயர் கோயிலும் நடவாவிக் கிணறும்தான் எங்க ஊருக்கு அடையாளம். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் அந்தக் கிணத்து மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்தை வாசல்ல நின்னு பார்த்துட்டு, உள்ளே வந்து செபமாலை சொல்ற வீடு எங்க வீடு.

செபமாலை தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு விளக்கம். ஒரு செபமாலையில ஐந்து 'பத்து' இருக்கும். ஒவ்வொரு பத்துக்கும் முன்னாடி கர்த்தர் கற்பித்த செபம் ஒரு தடவை, அப்புறம் மங்கள வார்த்தை செபம் பத்துத் தடவை. தொடக்கத்துல சொல்ற மூணையும் சேர்த்தா மங்கள வார்த்தை மொத்தம் 53. ஒவ்வொரு பத்துலயும் இயேசுவோட, மரியாளோட வாழ்க்கையில ஒரு நிகழ்ச்சியை நினைக்கணும். விரல் மணியை எண்ணும், வாய் செபத்தைச் சொல்லும், மனசு அந்தக் காட்சியில இருக்கணும். பத்து வயசுல என் மனசு டிவியிலதான் இருந்துச்சு, அது வேற கதை.

குடும்பமா சொல்லும்போது ஒருத்தர் முதல் பாதியைச் சொல்லுவாங்க, மத்தவங்க மறுபாதியைச் சொல்லுவாங்க. எங்க வீட்டுல முதல் பாதி எப்பவும் ஆயாவோடது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

வேலைக்குச் சென்னை வந்ததும் நான் இதையெல்லாம் விட்டுட்டேன். கோவிச்சுக்கிட்டு விடலை, சும்மா நின்னுபோச்சு. கேட்டா ஒரு காரணம் ரெடியா வெச்சிருந்தேன்: "மனப்பாடமா சொல்றதுல என்ன இருக்கு? சொந்த வார்த்தையில பேசினாதான் அது செபம்." ஆனா சொந்த வார்த்தையிலயும் நான் பேசலை. அதுதான் உண்மை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆயாவுக்கு மறதி நோய் வந்துச்சு. முதல்ல சாவி, அடுத்து கிழமை, அப்புறம் என் பேரு. ஒருநாள் சாயங்காலம் அவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். கையில செபமாலை. மங்கள வார்த்தையோட முதல் பாதியைத் தெளிவா சொன்னாங்க. ஒரு எழுத்துகூடத் தப்பலை. சொல்லிட்டு நிறுத்திட்டாங்க, பதிலுக்குக் காத்திருக்காங்க. நான் எனக்குத் தெரிஞ்ச மறுபாதியைச் சொன்னேன். அவங்க முகம் சுருங்கிச்சு. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. இப்படியே மூணு தடவை. மணி நகரவே இல்லை.

அடுப்படியிலேருந்து அப்பா வந்து, பழைய வாசகத்துல மறுபாதியைச் சொன்னார். ஆயாவோட விரல் அடுத்த மணிக்குப் போச்சு.

அன்னைக்குத்தான் உறைச்சுது. நானும் ஆயாவும் ஒரே செபத்தை ரெண்டு தமிழ்ல கத்துக்கிட்டிருக்கோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962லேருந்து 1965 வரைக்கும் நடந்துச்சு. அதுக்கப்புறம் பூசை லத்தீன்லேருந்து தமிழுக்கு வந்துச்சு; செபங்களோட தமிழும் படிப்படியா மாறிச்சு. சர்வேசுரன் கடவுள் ஆனார். பூசை திருப்பலி ஆச்சு, மந்திரம் செபம் ஆச்சு. ஆயா 'இஸ்பிரீத்து சாந்து'ன்னு சொல்றதை நான் 'தூய ஆவி'ன்னு சொல்றேன்.

அந்த 'இஸ்பிரீத்து சாந்து' போர்ச்சுகீசியச் சொல்லிலேருந்து வந்தது. 1542ல பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்போ, உள்ளூர் ஆட்களோட உதவியில அடிப்படைச் செபங்களைத் தமிழ்ல மாத்தி மனப்பாடம் பண்ணிக்கிட்டார். அப்புறம் கையில மணி அடிச்சு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கத்துக்கொடுத்தார். அவருக்குப் பின்னாடி வந்த அன்றிக்கே அன்றீக்கசு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்'னு 16 பக்கத்துல ஒரு சின்ன நூலை 1578ல கொல்லத்துல அச்சடிச்சார். தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் அதுதான். அதுல இருந்தது செபங்களும் விசுவாசப் பாடமும். ஆனா புத்தகம் கைக்கு எட்டாத வீடுகள்லயும் செபம் போய்ச் சேர்ந்துச்சு. அம்மா சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்ல, அப்படி வாய்வழியா வந்தது ஆயா வரைக்கும் வந்திருக்கு.

மனப்பாடம்னா மட்டம்னு நினைச்சேன் பாருங்க, இப்ப அப்படி நினைக்கலை. சொந்தமா ஒரு வாக்கியம் அமைக்க ஆயாவால முடியலை. எழுபது வருஷமா தினம் சொன்னது மட்டும் நாக்குல நிக்குது. நமக்கும் அப்படி ஒரு ராத்திரி வரலாம். ஆஸ்பத்திரி வராந்தாவுல, வாயில வார்த்தையே வராம. அன்னைக்குப் போய்ப் புதுசா மனப்பாடம் பண்ண முடியாது. மனசு எங்கேயோ இருக்கிற சாதாரண நாள்கள்லயும் சொல்லி வெச்சாதான் அன்னைக்கு அது கைகொடுக்கும்.

அப்பாவை உட்காரவெச்சுப் பழைய வாசகங்களை எழுதி வாங்கினேன். பஸ்ல ஒரு நாளைக்கு ஒரு பத்து. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. செபமாலையைப் பைக்குள்ளயே விரலால உருட்டுவேன். கவனம் சிதறும். சிதறினா அடுத்த மணி. அவ்வளவுதான் என் பக்தி, பெருசா ஒண்ணும் இல்லை.

இப்ப சனிக்கிழமை ஊருக்குப் போனா, ஆயா முதல் பாதி, நான் மறுபாதி. மணி நகருது. முடிஞ்சதும் என் நெத்தியில சிலுவை போட்டுட்டு, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"ன்னு கேட்பாங்க. சொல்லுவேன். அடுத்த வாரமும் கேட்பாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க தினம் சொல்றது செபமோ, சுலோகமோ, துஆவோ, எதுவா இருந்தாலும் சரி, ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. மறுபாதி உங்களுக்குத் தெரியுதான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.