மகள் போகும் மாதிரி ஐ.நா. மாநாடு: நெருக்கடிக் கமிட்டி என்றால் என்ன?



"பொண்ணு காலேஜ்ல ஏதோ எம்.யு.என்.னு மூணு நாள் போகணும்ங்கிறா. கியூபா, ஏவுகணைன்னு ராத்திரியெல்லாம் படிக்கிறா. அனுப்பலாமா?" என்று குழுக் கூட்டங்களில் அம்மாமார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முடிவு செய்யும் முன் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஐக்கிய நாடுகள் சபை 1945-ல் தொடங்கியது. இன்று அதில் 193 நாடுகள் உறுப்பினர். அந்தச் சபை நடப்பது போலவே மாணவர்கள் நடத்திப் பழகுவதுதான் மாதிரி ஐ.நா. மாநாடு. ஆங்கிலத்தில் மாடல் யுனைடெட் நேஷன்ஸ், சுருக்கமாக எம்.யு.என். ஒரு பிள்ளை பிரேசிலின் பிரதிநிதி, இன்னொரு பிள்ளை ஜப்பானின் பிரதிநிதி. தங்கள் நாட்டு நிலையை எடுத்துச் சொல்லி, மற்றவர்களோடு பேசி, தீர்மானம் எழுதி ஓட்டுப் போடுவார்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் பல கல்லூரிகள் இதை நடத்துகின்றன.

இதில் ஒரு தனி வகைதான் 'க்ரைசிஸ் கமிட்டி', அதாவது நெருக்கடிக் கமிட்டி. இங்கே பெரும்பாலும் பிள்ளைகளுக்கு நாடு தரமாட்டார்கள், ஒரு ஆளின் பொறுப்பைத் தருவார்கள். ஒருத்தி பாதுகாப்பு அமைச்சர், ஒருத்தர் கடற்படைத் தளபதி. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பின் அறையில் இருக்கும் நடத்துநர்கள் புதுச் செய்தி அனுப்புவார்கள்: "நம் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது." அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, சில நிமிடத்தில் முடிவெடுத்து ஆணை எழுதித் தர வேண்டும். இந்த ஆணைக்கு 'டைரக்டிவ்' என்று பெயர். கமிட்டி சேர்ந்து எழுதுவதும் உண்டு, ஒருவர் தன் பதவிக்குள் ரகசியமாக எழுதி அனுப்புவதும் உண்டு. அதன் விளைவு என்ன என்று பின் அறை முடிவு செய்து, அடுத்த செய்தியாகத் திருப்பி அனுப்பும்.

அந்தப் பொண்ணு படித்த கியூபா கதையையே எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட கமிட்டிகளில் அடிக்கடி வரும் தலைப்பு அது. 1962 அக்டோபரில், அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கியூபாவில் சோவியத் ரஷ்யா அணு ஏவுகணைகளை வைப்பது வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்தது. 16-ஆம் தேதி அதிபர் கென்னடிக்குச் சொன்னார்கள். ஆலோசனைக் குழு கூடியது. உடனே குண்டு போடுவோம் என்று ராணுவத் தளபதிகள் வற்புறுத்தினார்கள். கென்னடியோ கப்பல்களை மறிப்பது என்று முடிவெடுத்தார். 'முற்றுகை' என்று சொன்னால் அதுவே போர் என்று ஆகிவிடும் என்பதால் 'குவாரண்டைன்' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், 2020-ல் கொரோனா வந்தபோது நம்ம தெருவெல்லாம் கேட்ட அதே வார்த்தைதான்!

26-ஆம் தேதி ரஷ்யத் தலைவர் குருஷ்சேவிடமிருந்து இறங்கிவரும் விதமாக ஒரு கடிதம். கியூபாவைத் தாக்கமாட்டோம் என்று உறுதி தந்தால் ஏவுகணையை எடுத்துவிடுகிறோம் என்றது. 27-ஆம் தேதி கடுமையாக இன்னொன்று: துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் எடு. அன்றைக்கே கியூபாவுக்கு மேலே அமெரிக்க விமானம் ஒன்று சுடப்பட்டு விமானி இறந்தார். உடனே பதிலடி தர கென்னடி உத்தரவிடவில்லை. முதல் கடிதத்துக்கு மட்டும் வெளிப்படையாகப் பதில் எழுதிவிட்டு, துருக்கி விஷயத்தை ரகசியமாக ஒத்துக்கொண்டார். 28-ஆம் தேதி ஏவுகணைகளை எடுப்பதாக குருஷ்சேவ் அறிவித்தார். அந்த நாட்களில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலில் அணு ஆயுதம் இருந்தது, மேலே இருந்த அமெரிக்கக் கப்பல்களுக்குத் தெரியவே தெரியாது. கமிட்டியில் பிள்ளைகள் பழகுவது இதைத்தான்: பாதிச் செய்தி மட்டும் கையில் இருக்கும்போது எப்படி முடிவெடுப்பது.

கென்னடியின் அந்தக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. இன்றைக்குக் கல்லூரி மாநாட்டில் அந்த நாற்காலியில் நம்ம வீட்டுப் பொண்ணு உட்காரலாம்.

நல்லாப் பண்ண என்ன தெரிய வேண்டும்? முதலில் தன் அதிகாரம் எது வரைக்கும் என்பது. நம்ம குழுவில் ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டு வங்கியில் பணம் எடுக்க முடியுமா? அதே மாதிரி நிதி அமைச்சர் கப்பலை அனுப்ப முடியாது. அடுத்தது, ஆணையைத் தெளிவாக எழுதுவது. "உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் பின் அறை ஏற்காது, அல்லது நினைக்காத விளைவைத் தரும். யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு, தவறினால் என்ன என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்த அனுபவம் உள்ள அக்காமாருக்கு இது நன்றாகவே புரியும்.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதனால் கிராமத்துப் பிள்ளைகள் முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிடுவது உண்டு. ஆனால் இந்தக் கமிட்டியில் எழுதி அனுப்பும் சீட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதால், பேசத் தயங்கும் பிள்ளைக்கு மற்றக் கமிட்டிகளைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. விளையாட்டுதானே என்று எடுத்ததற்கெல்லாம் படையை அனுப்பி, ஆளைக் கொல்லச் சொல்லி ஆணை எழுதும் பழக்கம். பரபரப்பாகச் செய்கிறவருக்கே பரிசும் போய்விடும். 1962-ல் உலகம் தப்பித்தது பொறுத்திருந்ததால்தான். இதை மகளிடம் பேசிப் பாருங்கள், அவளுக்கே ஒரு கருத்து இருக்கும்.

செலவு: பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம். கல்லூரியே கட்டணம் தருமா என்று முதலில் கேளுங்கள். கோட்டு தைக்க வேண்டியதில்லை, நேர்த்தியான சுடிதாரோ சேலையோ பொதுவாக ஏற்பார்கள். இதுக்காகக் குழுவில் உள்கடன் எடுக்கச் சொல்லமாட்டேன். இன்னொன்று, சில மாநாடுகளில் 'நள்ளிரவு நெருக்கடி' என்று தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிக் கூட்டம் போடுவார்கள். தங்குமிடமும் கூட்ட அறையும் ஒரே வளாகத்தில் உள்ளதா, கூட வரும் பேராசிரியை யார், அவர் போன் நம்பர் என்ன என்பதைச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.